மாமியார் வூட்டு மாடிப்படி

ஏம்மா பாப்பா, நீ எழுதற தொடர்கதையில அந்தப் பதினேழாவது அத்தியாயத்தைக் கண்ணாடி போட்டுக்கினு ரெண்டு தபா படிச்சிட்டேன். நிச்சயம் ஆன ஜோடி மொத மொதல்ல பையன் வூட்டுக்குப் போற அத்தியாயம். நல்லாத்தான் எழுதியிருக்கே. ஒரே ஒரு சந்தேகம். நம்ம வேங்கிக்கால்ல பளிங்கு மாடிப்படி வெச்ச பங்களா எங்கம்மா இருக்குது?

நானும் வெவரம் தெரிஞ்ச நாளா இங்கியேதான் கெடக்கறேன். ஏரி தெரியும், ஏரிக்கரை தெரியும். மல்லாட்டைக் கொல்லையா இருந்ததெல்லாம் மனைக்கல் நட்டு வூடா எழும்பினதும் தெரியும். 1989-ல வட ஆற்காட்டைப் பிரிச்சி நம்ம திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. அப்பறம் கலெக்டர் ஆபீசு நம்ம ஊருக்கே வந்துது, வேலூர் ரோட்டுல எடத்து வெலையும் மாடி ஏறிச்சி. அதுவும் தெரியும். ஆனா உன் கதாநாயகனோட அம்மா பட்டுப் பொடவையும் முத்துமாலையுமா முப்பது படி எறங்கி வந்து, அந்தப் பொண்ணைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பாக்குதே, அந்த வூட்டை மட்டும் நான் பாத்ததில்லை. பாத்திருந்தா ஒண்ணு கேட்டிருப்பேன்: "ஏம்மா, முட்டிக்கு இன்னா தைலம் போடறீங்க?"

எறங்கி வந்து அந்தம்மா இன்னா கேக்குது? "இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க உனக்கு என்ன தகுதி இருக்கிறது?" அதுவும் இலக்கணத் தமிழ்ல. எத்தினியோ கலியாணப் பேச்சுக்கு நான் முன்னாடி ஆளா போய் ஒக்காந்திருக்கேன். ஒரு மாமியாக்காரியும் இப்பிடிக் கேட்டதில்லை. மொதக் கேள்வி, "பஸ்ல வந்தீங்களா, வண்டி வெச்சிக்கினு வந்தீங்களா?" ரெண்டாவது, "தண்ணி குடிக்கறீங்களா?" மூணாவது கேள்வியை அவங்க வாயால கேக்கவே மாட்டாங்க, பக்கத்துல ஒரு அத்தைக்காரியை ஒக்கார வெச்சிருப்பாங்க. "சம்பளம் கைக்கு எவ்ளோ வருது"ன்றது அத்தையோட இலாகா. "உங்களுக்குக் குலதெய்வம் எந்த ஊர்ல"ன்றது பெரியப்பாவோட இலாகா. குலதெய்வத்தைக் கேட்டா ஊரு தெரியும், ஊரு தெரிஞ்சா மீதியும் தெரியும்னு அவருக்குக் கணக்கு. தகுதியை அப்பிடித்தாம்மா விசாரிப்பாங்க, மிக்சர் தட்டை நீட்டிக்கினே.

அடுத்தது நாளு. உன் ஆளு பௌர்ணமி நிலா வெளிச்சத்துல, சாயங்காலம் ஏழு மணிக்கு, மெட்ராஸ்லேர்ந்து பெரிய காரை ஓட்டிக்கினு நேரா வாசல்ல வந்து நிக்கறான். வேங்கிக்கால் பொண்ணு எழுதற எழுத்தா இது? பௌர்ணமின்னா மலையைச் சுத்தி பதினாலு கிலோமீட்டருக்கு மனுசத் தலைதான். வண்டியெல்லாம் ஊருக்கு வெளியவே மடக்கி நிறுத்திடுவாங்க. தற்காலிக பஸ் ஸ்டாண்டு, வழி மாத்தி வுடறது, விசிலு, மைக்கு. உன் கதாநாயகன் காரை எங்கியோ வுட்டுட்டு, கோட்டைக் கழட்டித் தோள்ல போட்டுக்கினு, கூட்டத்துல நசுங்கி, எவனோ பூசி வுட்ட விபூதியும் கையில அன்னதானத் தொன்னையுமா ராத்திரி பத்தரைக்கு வந்து சேருவான். அப்பிடி எழுதியிருந்தீன்னா படிக்கறவங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கே அவனைப் புடிச்சிப் போயிருக்கும். தீபத்தன்னிக்கும் வரச் சொல்லிடாதே. கார்த்திகை தீபத்துக்கு நம்ம ஊர்ல வூடு வெச்சிருக்கறவனுக்கெல்லாம் எங்கெங்கியோ இருந்து சொந்தம் மொளைக்கும். அந்தக் கூட்டத்துல வருங்கால சம்பந்தியே வந்தாலும் பத்தோட பதினொண்ணு, "மொட்டை மாடிக்குப் போங்க, அங்கேர்ந்து நல்லா தெரியும்"னு அனுப்பி வெச்சிடுவாங்க.

திங்கக்கெழமையும் வாணாம். கலெக்டர் ஆபீசுல மக்கள் குறைதீர்க்கும் நாளு. அன்னிக்கு நம்ம பக்கம் பஸ்ஸை வுட்டு எறங்கறவங்கள்ல முக்காவாசிப் பேரு கையில மனு இருக்கும். வாசல்ல நின்னு பாக்கற மாமனாருக்கு எது மருமவன் எது மனுதாரருன்னு தெரியாது. சிரிக்காதே, நெஜமாவே தெரியாது. பாதிப் பசங்க மாமியார் வூட்டுக்குப் போறதே மனு குடுக்கற மொகத்தோடதான். சட்டைய இஸ்திரி போட்டுக்கினு, முதுக வளைச்சிக்கினு, "ஐயா பாத்து செய்யணும்"ன்ற மாதிரி ஒரு சிரிப்பு.

உன் கதாநாயகியும் அதேதான் பண்ணுது. நாலு பக்கம் நடுங்குது. ஏம்மா நடுங்கணும்? தட்டு மாத்தியாச்சு, நாள் குறிச்சாச்சு. அங்க இருக்கறவங்களும் அன்னிக்கு நடுங்கிக்கினுதான் இருப்பாங்க, அதை ஏன் எழுத வுட்டுட்டே? நெச வூடா இருந்தா அந்தம்மா ரெண்டு நாளா ஒட்டடை அடிச்சிருக்கும். பக்கத்து வூட்டுல நாலு நாற்காலி இரவல் வாங்கியிருக்கும். வருசக்கணக்கா விழாம கெடந்த பாத்ரூம் தாப்பாவுக்கு அன்னிக்குக் காத்தாலதான் ஆசாரி வந்து திருகாணி போட்டுட்டுப் போயிருப்பான். நீ உள்ள நுழையும்போது அந்தம்மா உன் மூக்கையா பாக்கும்? ஜன்னல் திரைச்சீலை ஒண்ணு நீளமாவும் ஒண்ணு குட்டையாவும் தொங்குதே, அந்தப் பொண்ணு கண்ணுல பட்டுடுமோன்னு பாக்கும். உன்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாக்கறதுக்கு அதுக்கு நேரம் ஏது? பால் பொங்கிடுமேன்னு ஒரு காது அடுப்பு மேல இருக்கும்.

கெழவனுக்குக் கதைன்னா இன்னா தெரியும்னு நெனைக்காதே. உங்காயா ராணிமுத்துப் பைத்தியம். அந்தப் பொஸ்தகம் 1969-ல ஆரம்பிச்சாங்க, அப்ப புடிச்ச பைத்தியம். வெதைக்கு மல்லாட்டை உரிக்கற காலத்துல அவ திண்ணையில காலை நீட்டிக்கினு சத்தமா படிப்பா, நான் உரிப்பேன். மூட்டை காலி ஆவறதுக்குள்ள நாவலு முடிஞ்சிடும். லட்சுமி எழுதினது, ரமணிசந்திரன் எழுதினதுன்னு எல்லாம் காதால படிச்சவன்தான் நானு. லட்சுமியம்மாவோட சொந்தப் பேரு திரிபுரசுந்தரி, தொழிலு டாக்டரு. 1984-ல "ஒரு காவிரியைப் போல"ன்ற நாவலுக்கு சாகித்ய அகாடமி குடுத்தாங்க. டாக்டரு இல்லியா, வூட்டுக்குள்ள எந்த எடத்துல அமுக்குனா வலிக்கும்னு தெரிஞ்சவங்க.

அவங்களப் பாத்து எழுதினவங்கதான் ஊருக்கு ஊரு ஒரே மாமியாரை வாடகைக்கு எடுத்த மாதிரி எழுதிப்புட்டாங்க. பணக்கார வூடு, கோவக்காரப் பையன், தப்பா புரிஞ்சிக்கறதுக்கு ஒரு அஞ்சாறு அத்தியாயம். கடைசியில மாமியாருக்கு நெஞ்சுவலி. மருமவ ராத்திரி பூரா கண்ணு முழிக்கும். காத்தால மாமியாரு கண்ணைத் தொறந்து, "நீ என் மருமவ இல்லைம்மா, மவ." முற்றும். உங்காயா கண்ணைத் துடைச்சிக்குவா. நான் கேப்பேன்: "ஏண்டி, நெஞ்சுவலி வராத மாமியாரு கிட்ட மாட்டினவ இன்னா பண்ணுவா?" அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோத்துல உப்பு இருக்காது.

உன் அத்தியாயத்துலயும் மாமியாரு நெஞ்சைப் புடிச்சிக்கற மாதிரி ஒரு எடம் வருது. இருவதாவது அத்தியாயத்துக்குத் தயார் பண்றே போல. எனக்குத் தெரியாதா.

பெரிய கை எழுதினா வேற மாதிரி இருக்கும் பாப்பா. கல்கி எழுதின அலை ஓசையில சௌந்தரராகவன் எதுக்கு வரான்? லலிதாவைப் பொண்ணு பாக்க வரான். வந்த எடத்துல அவளோட அத்தை மவ சீதாவைப் பாத்துட்டு, இந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு நிக்கறான். அந்த வூட்டுல அன்னிக்கு எப்பிடி இருந்திருக்கும்? வெத்தலைத் தட்டை எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரிஞ்சிருக்காது. மத்த கதையில இதையே பெரிய காதல்னு கொண்டாடி முடிச்சிருப்பாங்க. கல்கி முடிக்கலை. அப்பிடிக் கட்டிக்கினு போன சீதா பட்ட பாட்டைத்தான் மீதிக் கதை பூரா எழுதினாரு. அவரு 1954-ல செத்துப் போனாரு, 1956-ல அந்த நாவலுக்கு சாகித்ய அகாடமி குடுத்தாங்க. அதுக்கும் முந்தி, 1879-லயே, தமிழ்ல மொத நாவலை அச்சுல கொண்டாந்தாரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம், அதுலயும் சண்டை இன்னாவாம்? கலியாணத்துக்கப்பறம் மாப்பிள்ளை யாரு வூட்டுல இருக்கறதுன்னு. பையனுக்கும் பொண்ணுக்கும் ஒருத்தரை ஒருத்தரு புடிச்சிருக்குது, பெரியவங்களுக்கு வூட்டு விலாசம்தான் புடிக்கலை. தமிழ் நாவல் பொறந்ததே சம்பந்தி சண்டையிலன்னு நான் சொன்னா உங்க காலேஜ் வாத்தியாரு கோச்சிக்குவாரு.

நீ படிச்சிட்டு வந்து சொன்னியே அந்த இங்கிலீசுக் கதை, 1813-ல வந்ததுன்னு, ஜேன் ஆஸ்டின் எழுதினது. அதுல வர்ற அந்தச் சீமாட்டி ஆன்ட்டியை நான் அத்தைன்னுதான் சொல்லுவேன், எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளு. என் கூடப்பொறந்தவ மவனைக் கட்டிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னு பொண்ணு வூட்டுக்கே வண்டி கட்டிக்கினு வருது. அந்தப் பொண்ணு முடியாதுன்னுடுச்சி. அத்தைக்காரி கோவத்தோட போயி அதை அந்தப் பையன் கிட்டயே சொல்லுது. பையனுக்கு அப்பத்தான், ஓகோ, இன்னும் நமக்கு எடம் இருக்குதுன்னு தெம்பு வருது. நிறுத்தப் போன அத்தை நடத்தி வெச்சிட்டு வந்துது. அதே அத்தையை ஆரணியிலயும் பாக்கலாம், போளூர்லயும் பாக்கலாம். உன் கதையில அத்தையே இல்லை. அத்தை இல்லாம எந்தச் சம்பந்தம்மா நடக்குது?

இதெல்லாம் கெடக்கட்டும். உலகத்துலயே பெரிய மாமியார் சந்திப்பு எதுன்னு கேட்டா, நான் கூத்துல பாத்ததைத்தான் சொல்லுவேன். நம்ம பக்கம் துரோபதியம்மன் கோயில்ல பாரதம் வெச்சா வில் வளைக்கற கூத்துக்கு ராத்திரி பூரா சனம் முழிச்சிருக்கும். அர்ச்சுனன் ஜெயிச்சாச்சு. பொண்ணைக் கூட்டிக்கினு பசங்க அஞ்சு பேரும் கொயவர் வூட்டு வாசலுக்கு வந்தாச்சு. அங்கதான் அவங்க ஆயி குந்தி தங்கியிருக்குது. "அம்மா, பிச்சை கொண்டாந்திருக்கோம்"னு ஒருத்தன் கொரல் குடுக்கறான். உள்ள வேலையா இருந்த குந்தி திரும்பிக்கூட பாக்காம, "அஞ்சு பேரும் சமமா எடுத்துக்குங்கப்பா"ன்னுடுச்சி. அவ்ளோதான். ராசா மவ. மொத நாள் மாமியார் வூட்டு வாசல்ல நிக்குது. மாமியாரு மொகத்தை இன்னும் பாக்கலை, அதுக்குள்ள அதோட தலையெழுத்தே மாறிப்போச்சு.

யாரு மேல தப்புன்னு கேட்டா எல்லாரும் குந்தியைச் சொல்லுவாங்க. நான் பசங்களைச் சொல்லுவேன். பொண்ணைக் கூட்டிக்கினு வந்தா, "அம்மா, பொண்ணு வந்திருக்குது, வெளிய வா"ன்னு சொல்லணும். வெளையாட்டா, மறைச்சி, ஒனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன் பாருன்னு சொன்னா, அடுப்பாண்ட நிக்கறவ இன்னா பதிலு சொல்லுவா? இப்ப உன் கதாநாயகனைப் பாரு. "அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்"னு சொல்லிக்கினு முன்னறிவிப்பு இல்லாம பொண்ணைக் கூட்டிக்கினு போறான். பாரதத்துல ஒரு தபா நடந்தது போதாதா? உனக்கு நிச்சயம் ஆயிருக்கற ஆரணிப் பையன் கிட்ட சொல்லி வை. எத்தினி பேரு வரோம், எத்தினி மணிக்கு வரோம், கறி துன்றவங்க யாரு துன்னாதவங்க யாரு, சர்க்கரை வியாதிக்காரங்க எத்தினி பேரு, எல்லாத்தையும் மொத நாளே போன்ல சொல்லிடணும். காதல்ல மர்மம் இருக்கலாம். அரிசி போடற கணக்குல மர்மம் கூடாது.

நம்ம முன்னோருக்கு இது தெரிஞ்சிருந்துது. பொண்ணோட காதலு வூட்டுக்கு எப்பிடித் தெரியணும்னு தொல்காப்பியத்துலயே ஒரு வழி இருக்குது, அறத்தொடு நிக்கறதுன்னு பேரு. பொண்ணு தோழி கிட்ட சொல்லும். தோழி செவிலித்தாய் கிட்ட சொல்லுவா. செவிலி பெத்தவ கிட்ட சொல்லுவா. பெத்தவ பக்குவம் பாத்து அப்பன், அண்ணன் காதுல போடுவா. நேரா அப்பன் முன்னாடி நின்னு வசனம் பேசறதுன்றது சினிமாக்காரன் கண்டுபுடிச்சது. கபிலரு எழுதின குறிஞ்சிப்பாட்டு 261 அடி. பூராவும் இந்த ஒரே வேலைதான், தோழி செவிலிக்கு விசயத்தைச் சொல்றது. அதுக்குள்ள 99 பூவோட பேரு வருது. பொலவருங்க அதைப் பெரிய கவித்துவம்னு சொல்லுவாங்க, சரிதான். ஆனா நான் ஒரு அப்பனா இருந்து பாத்தா வேற தெரியுது. "நாங்க தெனைப்புனம் காக்கப் போனோம், அருவியில குளிச்சோம், இந்தப் பூ பறிச்சோம், அந்தப் பூ பறிச்சோம்"னு தொண்ணூத்தொம்பது பூ சொல்றதுக்குள்ள கேக்கறவளுக்குக் கோவம் ஆறிடும் பாரு. "அப்பறம் ஒரு ஆம்பளை வந்தான்"ன்றதை அதுக்குப் பின்னாடிதான் வெக்கறா. கைகாரி.

அந்தப் பாட்டுல வர்ற பையன் பொண்ணு கிட்ட இன்னா சொல்றான் தெரியுமா? உனக்காக மலையைத் தூக்குவேன், நெலாவைப் புடிப்பேன்னு இல்லை. கலியாணம் ஆயி, வாசக் கதவைத் தொறந்து வெச்சி, வர்ற விருந்தாளிங்களுக்கெல்லாம் நெய் ஒழுவ சோறு போட்டு, அவங்க சாப்புட்டு மிஞ்சினதை நீயும் நானும் சேந்து சாப்புடணும்னு சொல்றான். எனக்கு மொதல்ல இதைக் கேட்டப்ப, இன்னாடா காதலன் மிச்சச் சோத்தைப் பத்திப் பேசறான்னு தோணிச்சி. அப்பறம் யோசிச்சா, எத்தினி ஆம்பளைங்க பொஞ்சாதி சாப்புடற நேரத்துல கூட ஒக்காந்து சாப்புடறான்? விருந்தாளியோட பந்தியில ஒக்காந்து எழுந்து, வெத்தலை போட்டுக்கினு திண்ணைக்குப் போயிடறான். நானும் அந்தக் கட்சிதான், உங்காயாவைக் கேளு.

இப்ப நெசத்துக்கு வா. அடுத்த மாசம் நீ ஆரணிக்குப் போறே. நிச்சயம் ஆவறதுக்கு முந்தின்னா யாரும் கை நனைக்க மாட்டாங்க, காப்பியோட எழுந்துடுவாங்க. இப்ப ஆயிடுச்சி, சாப்புட்டே ஆவணும். மொதல் தபாவே இலை மேல கையை மறைச்சீன்னா சமைச்சவளுக்கு வருத்தம். மூணாந்தபாவும் வாங்கினீன்னா உள்ள பானை காலி. ரெண்டாந்தபா வாங்கு, மூணாந்தபா மறை. சாப்புட்டு முடிச்சி இலையை உன் பக்கமா மடி. இதெல்லாம் உங்காயா சொல்லியிருப்பா. அவ சொல்லாததை நான் சொல்றேன்.

கை கழுவினதும் உன்னைக் கூடத்துக்குக் கூட்டிக்கினு போயி, பையன் மொட்டை அடிச்சப்ப எடுத்த போட்டோ, பள்ளிக்கூடத்துல மாறுவேசம் போட்டதுன்னு காட்டுவாங்க. ரெண்டு போட்டோ பாத்துட்டு, தண்ணி வேணும்னு சமையல்கட்டுப் பக்கம் எழுந்து போ. "இங்கியே கொண்டாரேன்"னு சொல்லுவாங்க. பரவால்லைன்னு சொல்லிக்கினே போயிடு. அங்க யாரு தட்டு வெச்சி ஒக்காந்து சாப்புடறாங்க, யாரு மேடையாண்ட நின்னுக்கினே வாயில போட்டுக்கறாங்கன்னு பாரு. கொழம்புல துண்டு மீந்திருக்குதா, வெறும் சாறான்னு பாரு. பெரிய மருமவன்னு ஒருத்தி இருந்தா அவ பக்கத்துல ரெண்டு நிமிசம் நில்லு, பேசக்கூட வாணாம். அந்த வூட்டைப் பத்தித் தரகரு சொல்லாதது, ஜாதகம் சொல்லாதது, எல்லாத்தையும் அவ பாத்திரம் வெக்கற சத்தம் சொல்லிடும்.

அந்த நேரம் பாத்து உன் பையன் உள்ள வந்து, "அண்ணி, குடுங்க, நான் எடுத்து வெக்கறேன்"னு தட்டை வாங்குவான். பசங்க இப்பல்லாம் உஷாரு. சந்தோசப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனி. வாங்கின தட்டைக் கையில வெச்சிக்கினு, "இதை எங்க வெக்கறது?"ன்னு கேட்டான்னா, அவன் அந்த வூட்டு சமையல்கட்டுக்கு அன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கான்னு அர்த்தம். உன்னை மாதிரியே அவனும் விருந்தாளி.

இதுக்காக நிச்சயத்தை முறிச்சிக்கினு வந்துடாதே. தெரிஞ்சிக்கினு கட்டிக்கன்னுதான் சொல்றேன்.

அவன் இங்க வர்றப்ப எனக்கும் ஒரு சோதனை இருக்குது. சம்பளத்தைக் கேக்க மாட்டேன், அது அத்தையோட இலாகான்னு சொல்லிட்டேன் இல்லை? ஒரு கிண்ணத்துல அவிச்ச மல்லாட்டையைத் தோலோட வெச்சி அவன் பக்கம் நகத்துவேன், தோலு போடறதுக்குத் தட்டு வெக்க மாட்டேன். துன்னுட்டு தோலைக் கைக்குள்ள மூடி வெச்சிக்கினு எங்க போடறதுன்னு முழிச்சான்னா தேவலை. எழுந்து போயி குப்பைக்கூடை எங்கன்னு பாத்தான்னா ரொம்ப நல்லவன். "வாணாங்க தாத்தா, எனக்குக் கடலை புடிக்காது"ன்னான்னா பயந்தவன், போகப் போகச் சரியாயிடும். யாரும் பாக்காத நேரத்துல சோபா இடுக்குல சொருகினான்னா, பாப்பா, நீ அந்த வூட்டுல எத்தினி வருசத்துக்கு எதை எதைத் தேடி எடுக்கப் போறியோ.

வசனம் ஒண்ணு பாக்கி இருக்குது, அதையும் சொல்லிடறேன். உன் கதையில சித்தப்பாக்காரன் பொண்ணை மதிக்காம பேசறான். ஒடனே கதாநாயகன் நடுக்கூடத்துல நின்னு ரெண்டு பக்கத்துக்குப் பேசறான். "இவள் என் உயிர், இவளை அவமதித்தால் இந்தச் சொத்து சுகம் எதுவும் எனக்கு வேண்டாம்." சொத்து அவனோடது இல்லை, அவங்கப்பாவோடது. அதை வாணாம்னு சொல்றதுல இன்னா வீரம்?

நம்ம ஊர்ல வருசா வருசம் தெருவுலயே இந்தப் பாடம் நடக்குது, அதைப் பாத்து எழுத வேண்டாமா? தை ரெண்டாம் நாளு, மாட்டுப் பொங்கலன்னிக்கு, திருவூடல் தெருவுல அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் சண்டை நடக்கும். சண்டை எதனால? பிருங்கி முனிவருன்னு ஒருத்தரு. சாமியைத்தான் கும்புடுவாரு, பக்கத்துல இருக்கற அம்மனைக் கண்டுக்கவே மாட்டாரு. ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்திருந்தாக்கூட வண்டா மாறி நடுவுல தொளைச்சிக்கினு போயி சாமியை மட்டும் சுத்தி வந்தவரு. அப்பிடிப்பட்ட ஆளுக்குப் போயி நீங்க வரம் குடுக்கறதான்னு அம்மனுக்குக் கோவம். கோவிச்சிக்கினு கோயிலுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கும். சுந்தரரு தூது போவாரு. அந்த சுந்தரருக்காகத் திருவாரூர்ல பரவையாரு வூட்டுக்கு ஒரே ராத்திரியில ரெண்டு தபா சாமி தூது நடந்தாருன்னு பெரியபுராணம் சொல்லுது, இங்க அவரு அந்தக் கடனை அடைக்கறாரு. ஆனா தூது பலிக்காது. சாமி தனியா மலையைச் சுத்திப்புட்டு மறுநாளு வந்து ஒரு வழியா சமாதானம் ஆவாரு. அதுக்குப் பேரு மறுவூடல். பதினாலு கிலோமீட்டரு நடந்தாத்தான் பொஞ்சாதி கோவம் தணியும்னா, கட்டிக்கப் போறவன் செருப்பைப் பாத்து வாங்கச் சொல்லு.

எல்லா வூட்டுலயும் ஒரு பிருங்கி சித்தப்பா உண்டு பாப்பா. கெட்டவருன்னு சொல்ல முடியாது. வாசல்ல நுழைஞ்சதும் பையன் தோளைத் தட்டி, "வாடா, எப்ப வந்தே, வேலை எப்பிடி இருக்குது"ன்னுவாரு. பக்கத்துல ஒரு பொண்ணு எழுந்து நிக்கறது அவரு கண்ணுக்குத் தெரியாது. அந்த எடத்துல உன் பையன் இன்னா பண்றான்னு பாரு. போனை எடுத்து நோண்டறானா? சிரிச்சி மழுப்பறானா? இல்லை, ஒரு நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுட்டு, "சித்தப்பா, இவங்கதான்"னு உன் பேரைச் சொல்றானா? பேரைச் சொன்னா போதும்மா. உயிரு, சொத்து, சபதம் ஒண்ணும் வாணாம்.

பேருன்னதும்தான் ஞாபகம் வருது. உன் அத்தியாயம் முப்பத்திரண்டு பக்கம். கதாநாயகனுக்குப் பேரு இருக்குது, பொண்ணுக்குப் பேரு இருக்குது, அந்த வூட்டு நாய்க்குக்கூட டைகர்னு பேரு இருக்குது. அந்த அம்மா மட்டும் மொதப் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வெறும் "மாமியார்". அவளும் ஒரு நாளு இதே மாதிரி ஒரு வூட்டு வாசல்ல வந்து நின்னவதானே, அன்னிக்கு அவளைப் பேரு சொல்லி உள்ள கூப்புட்டாங்களா இல்லியான்னு நீ எழுதலை. மாடிப்படியை இடிச்சிடு, நெஞ்சுவலியை எடுத்துடு, பௌர்ணமியை மாத்தி ஒரு புதன்கெழமை ஆக்கு. அதுக்கெல்லாம் முன்னாடி அந்தம்மாவுக்கு ஒரு பேரு வையி. வெச்சிட்டுக் கொண்டா, மறுபடியும் படிக்கறேன்.